சுகர் செருப்பு: காலைக் கேட்டு வாங்காதீர்கள்

திருநெல்வேலி டவுன் ரத வீதியானாலும் ஜங்ஷனானாலும் செருப்புக்கடையில் வியாபாரம் ஒரே கேள்வியில் முடிந்துவிடும். "போட்டு நடந்து பாருங்க அண்ணாச்சி, எப்படி இருக்கு?" அண்ணாச்சி நாலு எட்டு நடந்துவிட்டு, "சிக்குன்னு இருக்குப்பா, பில்லப் போடு" என்பார். மற்றவர்களுக்கு அது போதும். பத்துப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறவருக்கு அந்தப் பதிலை நம்பிச் செருப்பு வாங்கக்கூடாது.

காரணம் எளியது. நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு கெட்டுப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனால் சரியான அளவுச் செருப்பு தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். ஒரு சைஸ் குறைத்துப் போட்டால்தான் காலில் ஏதோ இருப்பதே தெரியும். அதனால் யாரும் வற்புறுத்தாமலே அவர் இறுக்கமானதைத் தேர்ந்தெடுப்பார், அதுதான் சுகமாக இருக்கிறது என்று சத்தியமும் செய்வார். ஆகவே சர்க்கரைக்காரருக்குச் செருப்பு வாங்கும்போது காலின் சாட்சியை ஒதுக்கிவிட்டு, அளவு, கண், கை மூன்றையும்தான் நம்ப வேண்டும்.

உணர்ச்சி போய்விட்டதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக மெல்லத் தொடுங்கள். ஒரு விரலுக்கு ஒன்றிரண்டு வினாடி போதும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்லட்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், அது உணர்ச்சி இழந்த பாதம் என்றே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் குத்திப் பார்ப்பார்கள், தட்டினால் அதிரும் அதிர்வுக்கவையை எலும்பின்மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எரிச்சலும் மதமதப்பும் இருந்தால்தான் நரம்பு கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தொந்தரவும் இல்லாமல் மரத்துப்போன கால்தான் அதிகம் ஏமாற்றும்.

இந்த அறிவு நமக்கு வந்த வழி தொழுநோய் வழி. வேலூர் சி.எம்.சி.க்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண்ணுக்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று காட்டினார். அந்தக் கால்களுக்காகப் புழங்கிவந்த நுண்துளை ரப்பர்தான் இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கப்படுகிறது. 'அது குஷ்டக்காரன் செருப்புல்லா' என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுளிக்கட்டும். மரத்த கால் எந்த நோயால் மரத்தாலும் அதற்குத் தேவை ஒன்றுதான்.

உணர்ச்சி மட்டும் போவதில்லை. பாதத்தின் சின்னத் தசைகள் வலுவிழந்து விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. வளைந்ததும் விரல் முட்டு மேலே எழும்பிச் செருப்பு வாரில் உரசும், விரல் நுனி கீழே ஊன்றும், விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் எலும்பு கீழ்நோக்கித் தள்ளும். அந்த மேட்டில்தான் காய்ப்பு விழுகிறது. காய்ப்பைத் தோல் தடித்திருக்கிறது என்று அலட்சியமாக விடுவார்கள். நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் அது உள்சதையைக் கல்போல அழுத்தி நசுக்கும், மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் புண் உருவாகும். வியர்வையும் குறைவதால் தோல் வறண்டு குதிகாலில் வெடிக்கும். எனவே செருப்பு மூன்று வேலை செய்ய வேண்டும்: அடியில் அழுத்தத்தைப் பரப்ப வேண்டும், மேலே உரசக்கூடாது, வெளியிலிருந்து எதுவும் குத்தாமல் தடுக்க வேண்டும்.

இனி அளவு. சாயங்காலம் எடுங்கள். நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் எடுத்த அளவு பிறகு இறுக்கும். கனமான ஒரு தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் இரண்டு காலிலும் சம பாரத்தோடு நிற்கவைத்து, பென்சிலை நேர்க்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். பென்சிலைச் சாய்த்தால் அளவு குறைந்துவிடும். நிற்கும்போது பாதம் பரவுவதால் உட்கார்ந்து எடுத்த அளவு உதவாது. இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரிய காலுக்குத்தான் செருப்பு. கடையில் அந்தத் தாளைச் செருப்பின் அடித்தட்டின்மேல் வையுங்கள். ஷூவானால் உள்தட்டைக் கழற்றி அதன்மேல் வையுங்கள், கழற்ற முடியாத ஷூ பெரும்பாலும் வேண்டாம். தாள் எங்காவது வெளியே நீட்டினால் அந்தச் செருப்பு முடிந்தது. 'போடப் போட லூசாயிரும்' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். தோல் இளகுவதற்குள் கால் புண்ணாகிவிடும்.

நீளத்தில் மிக நீண்ட விரலுக்கு முன்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். மிக நீண்டது எல்லோருக்கும் கட்டைவிரல் அல்ல, சிலருக்கு அடுத்த விரல் நீண்டிருக்கும். 2 சென்டிமீட்டருக்கு மேல் இடம் விட்டால் கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கி உரசும். அகலம், விரல்கள் தொடங்கும் இடத்தில், பாதத்தின் அகலத்துக்குச் சமமாக இருக்கட்டும். உயரம், வளைந்த விரல் மேலே தட்டாத அளவு. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கம்பெனிக்குக் கம்பெனி அதுவும் மாறும். "எனக்கு எப்பவும் எட்டு" என்று சொல்லி வாங்குவது பழக்கம் மட்டுமே, அளவு ஆகாது.

செருப்பைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை உண்டு. முன்பகுதியைப் பிடித்து மேலே மடக்குங்கள். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் ஒடிந்ததுபோல் மடங்கினால் வேண்டாம். இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள், முழுதும் திருகிக்கொண்டால் அடித்தட்டில் வலு இல்லை. குதிப்பகுதி அகலமாகவும், ஓரங்குலத்துக்கு மேல் போகாத தாழ்வாகவும் இருக்கட்டும். பிறகு கையை உள்ளே விட்டு மேலும் கீழும் தடவுங்கள். தையல் முடிச்சு, மடிப்பு, பசை கட்டிய இடம், கொக்கியின் முனை எதுவாயினும் உங்கள் விரலுக்குத் தட்டுப்பட்டால் அவர் காலுக்கு அது புண். அடியில் ஆணி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியோ தைத்தோ இருக்க வேண்டும், ஆணி ஆகவே ஆகாது.

எம்.சி.ஆரைச் சோதிக்கக் கட்டைவிரலே கருவி. மேல்தட்டை நன்றாக அழுத்தினால் ஏறத்தாழ பாதிக் கனம் உள்ளே போய், விரலை எடுத்ததும் உடனே எழும்ப வேண்டும். அழுத்தினால் போகாதது சாதாரண ரப்பர். போனது எழும்பாவிட்டால் மட்டமான ஸ்பாஞ்சு, ஒரு மாதத்தில் தட்டையாகிவிடும். நல்ல எம்.சி.ஆரின் கடினம் ஷோர் அளவில் 15-ஐ ஒட்டி இருக்கும். கனம் 10 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். மெதுமெதுப்பு மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. அதற்குக் கீழே உறுதியான இன்னொரு தட்டு வேண்டும், நம் ஊர் மண்ணுக்கு இது மிக முக்கியம். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் உடைமுள்ளும் கருவேல முள்ளும் சாதாரண ஹவாய் செருப்பை ஊசிபோல் துளைத்து மேலே வந்துவிடும். உணர்ச்சி உள்ளவர் 'ஆ' என்று காலைத் தூக்குவார். இல்லாதவர் முள்ளோடு வீடு வந்து சேர்வார்.

அட்டைப்பெட்டியில் 'டயபடிக்' என்று அச்சடித்திருப்பதற்கு நான் பெரிய மரியாதை தருவதில்லை. மெத்தென்ற கறுப்புத் தட்டு எதையும் அந்தப் பெயரில் விற்கலாம். மேலே சொன்ன சோதனையில் தேறினால் பெயர் இல்லாவிட்டாலும் எடுக்கலாம், தேறாவிட்டால் பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

வார் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே போகும் வார் மரத்த காலுக்கு ஆகாது. அது விரலிடுக்கை அறுக்கும், செருப்பு கழலாமல் இருக்க விரல்கள் இறுகப் பிடித்துக்கொண்டே நடக்கும். இன்னொன்று, பஸ்ஸில் ஏறும்போது செருப்பு நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு இறங்கும் ஆட்கள் உண்டு. அகலமான முன்பட்டை, குதிகாலைச் சுற்றிப் பின்பட்டை, இரண்டிலும் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) இருப்பதை வாங்குங்கள். வீக்கம் கூடினால் தளர்த்தலாம், குறைந்தால் இறுக்கலாம். பின்பட்டை இருந்தாலும் அதை மடித்து மிதித்துக்கொண்டு போகிறவர்களிடம் சொல்லிப் பயனில்லை, அவர்கள் வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள்.

பெண்களுக்கு மெட்டி ஒரு தனிச் சங்கதி. கால் வீங்கும்போது மெட்டி விரலை இறுக்கும். பட்டை அதன்மேல் அழுத்தினால் பக்கத்து விரலில் பள்ளம் விழும், நாள்கணக்கில் கழற்றாததால் அடியில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து தோல் வெந்துபோயிருக்கும். கழற்றச் சொன்னால் பல வீடுகளில் மாமியார் வரை பிரச்சினை போகும். அதற்கு ஒரு வழி: வாய் திறந்த, ஓரம் மழுங்கிய, கல்லும் முத்தும் இல்லாத வளையமாக மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி கழற்றித் துடைத்து அடியில் பார்க்கலாம். விரலில் சிவப்போ புண்ணோ வந்தால் அப்போது சம்பிரதாயம் பேசக்கூடாது. கொலுசும் பின்பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும்.

எல்லாச் சர்க்கரைக்காரருக்கும் எம்.சி.ஆர். வேண்டுமா? வேண்டாம். உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் அளவு சரியான நல்ல செருப்பு போதும், வருஷத்துக்கு ஒருமுறை பாதத்தைக் காட்டினால் சரி. உணர்ச்சி போயிருந்தால் எம்.சி.ஆர். போன்றதும், 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும். அதோடு விரல் வளைந்தோ எலும்பு புடைத்தோ ரத்த ஓட்டம் குறைந்தோ இருந்தால் 3 முதல் 6 மாதம். விரல் வளைந்த, எலும்பு புடைத்த காலுக்கு உள்ளே ஆழம் கூடிய ஷூவும், பாதத்தை அச்செடுத்து வார்த்த உள்தட்டும் தேவைப்படலாம். முன்பு புண் வந்து ஆறியவர், விரல் எடுத்தவர் எல்லாம் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியவர்கள். அவர்களுக்குக் கடைச் செருப்பு எதுவும் சரிவராது. அளவெடுத்துச் செய்ய வேண்டும், எடுத்த விரலின் இடத்தை நிரப்பும் திண்டோடு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், செருப்பு எழுதித் தரக் கேளுங்கள்.

காலில் இப்போதே புண் இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு அல்ல. எம்.சி.ஆர். புண் வராமல் காக்கும், வந்த புண்ணை ஆற்றாது. அந்தக் காலில் பாரம் விழாமல் மாவுக்கட்டோ தனிக்காலணியோ போடுவது டாக்டர் வேலை. அதேபோல் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, சூடாக இருக்கிறது, வலி பெரிதாக இல்லை என்றால் 'பெரிய சைஸ் செருப்பு வாங்கிக்கிடுவோம்' என்று கடைக்குப் போகாதீர்கள். எலும்பு மூட்டுகள் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் இருக்கும். நடப்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

புதுச் செருப்பைக் கல்யாண வீட்டுக்கு முதல் நாள் போட்டுக்கொண்டு போகும் வழக்கத்தை விடுங்கள். முதல் நாள் வீட்டுக்குள் அரைமணி நேரம். கழற்றி, காலின் மேல், கீழ், ஓரம், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். சிவந்த இடம் இருந்தால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணிக்குள் மறைந்தால் அடுத்த நாள் ஒரு மணி, அதற்கடுத்த நாள் இரண்டு மணி. மறையாவிட்டால் செருப்பு சரியில்லை, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்து அந்த இடம் மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்களுக்கு: 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறவர்கள் ஷூ வாங்கினால் லேஸ் உள்ளதாக, முன்பகுதி அகலமாக வாங்கட்டும். சாக்ஸ் பருத்தியில், வெளிர் நிறத்தில். ரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளையில்தான் தெரியும். தையல் தடித்திருந்தால் உள்புறத்தை வெளியே திருப்பிப் போடலாம். மேலே ரப்பர் இறுக்கிக் கெண்டையில் தடம் பதிந்தால் அந்தச் சாக்ஸ் ஆகாது.

செருப்பு எவ்வளவு நல்லதானாலும் காலில் இருக்கும் நேரத்துக்குத்தான் காப்பாற்றும். நம் வீடுகளில் வாசலோடு செருப்பு முடிந்துவிடுகிறது. பகலில் பாதி நேரம் வீட்டுக்குள்தானே போகிறது? கட்டில் காலில் இடித்துக்கொள்வதும், அரிவாள்மணைப் பக்கம் மிதிப்பதும், விழுந்த ஊசி ஏறுவதும் அங்கேதான். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி தனியாக வையுங்கள், தெருவுக்கு அது போகவே கூடாது. பூஜை அறை தவிர மற்ற இடமெல்லாம் அதோடு நடக்கலாம்.

கோயிலில்தான் சிக்கல். நெல்லையப்பர் கோயிலில் சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சந்நிதிக்கும் சுவாமி சந்நிதிக்கும் போனால் நிழலிலேயே போய்விடலாம். திறந்த வெளியில் சித்திரை, வைகாசி மத்தியான வெயிலில் கல் காய்ந்து கிடக்கும், மரத்த காலுக்குச் சூடு தெரியாமல் மறுநாள் கொப்புளம் போட்டிருக்கும். காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போங்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு போனால் சூட்டைக் கொஞ்சம் தடுக்கும், கல்லையும் ஆணியையும் தடுக்காது. திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போவதை, உணர்ச்சி போனவர்கள் விட்டுவிட வேண்டும். நேர்ந்துகொண்டாயிற்று என்றால் நல்ல ஷூவோடு நடக்கலாம், பஸ்ஸில் போகலாம். முருகன் கணக்குப் பார்க்கிறவர் இல்லை. போகிற வழியில் தேரிமண், அதாவது செம்மணல், காலில் சுடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் செருப்பு நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். தோல் பட்டை ஊறிக் காய்ந்தால் விறைத்து ஓரம் கத்திபோல் ஆகிவிடும், அங்கே செயற்கைப் பட்டையே மேல். செருப்பை நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் ஒட்டு விடும். குளித்து வந்ததும் விரலிடுக்கைத் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். எண்ணெயும் வாசலினும் பாதத்துக்கு, விரலிடுக்குக்கு அல்ல.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு எம்.சி.ஆர். உதவாது, சேற்றில் வழுக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், உள்ளே பருத்திச் சாக்ஸ், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரையேறிக் கழற்றிக் காலைத் துடைத்துப் பார்ப்பது. அதுகூட உணர்ச்சி போனவருக்கு அரைகுறைப் பாதுகாப்புதான். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்குப் புண் வரும் இடமே வேறு. சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்கார்வதால் வெளிக் கணுக்காலிலும் பாதத்தின் வெளி ஓரத்திலும் கறுத்துக் காய்ப்பு ஏறும். எந்தச் செருப்பும் அதைத் தடுக்காது. அடியில் கனமான மெத்தை, அரைமணிக்கு ஒருமுறை காலை நீட்டுவது, முடிந்தால் நாற்காலி.

போடுமுன் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கல், முள், குழந்தை போட்ட நாணயம், தோட்டத்து வீடுகளில் தேள். அடித்தட்டையும் திருப்பிப் பார்த்து, குத்தி நிற்கும் முள்ளைக் குறட்டால் பிடுங்குங்கள். காய்ப்பை வீட்டில் பிளேடால் சீவுவதும், கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரி ஒட்டுவதும் வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும்.

பட்டை அறுந்தால் செருப்பு தைக்கிறவரிடம் கொடுக்கும்போது கூடவே நின்று, "ஆணி அடிக்காதீங்க, நூல் போட்டுத் தைங்க" என்று சொல்லுங்கள். பழக்கத்தில் ரெண்டு சின்ன ஆணியைத் தட்டிவிடுவார்கள், மெத்தென்ற தட்டு அமுங்க அமுங்க ஆணியின் தலை மேலே வந்து நிற்கும். தைத்து வாங்கியதும் உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடு பதிந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி, ஓரத்தில் அழுத்திய அளவுக்கு அது உள்ளே போகவில்லையென்றால் தட்டு செத்துவிட்டது. தினமும் நடக்கிறவருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் அது வரும். மேலே பட்டை புதுசுபோல் இருக்கிறதே என்று வைத்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் தட்டு எழும்ப நேரம் கிடைக்கும், ஒரே இடத்தில் தினமும் உரசுவதும் குறையும்.